பாறையில் நான்கு சக்கரமும் பதிய வேண்டும்: 4×4 சஸ்பென்ஷன் தொழிலுக்கு ஒரு வழிகாட்டி

தார், குர்கா, ஜிம்னி, பழைய ஜிப்ஸி என்று 4×4 வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, நாலு இன்ச் தூக்கிக் குடுங்க." கேட்டபடி தூக்கிக் கொடுக்க ஆள் கிடைக்கும். பாறையில் ஏறி இறங்கிவிட்டு அதே வண்டியில் பத்திரமாக வீடு திரும்பும்படி செய்து கொடுக்கத்தான் ஆள் குறைவு. அந்த இடத்தைப் பிடிக்க நினைக்கும் இளைஞர்களுக்காக இந்தக் கட்டுரை. ஐ.டி.ஐ. முடித்தவராக இருக்கலாம், டிப்ளமோவோ பொறியியலோ படிப்பவராக இருக்கலாம், லாரிப் பட்டறையில் ஏற்கெனவே ஸ்பேனர் பிடிப்பவராகவும் இருக்கலாம்.

சென்னையை அடுத்த வெள்ளானூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஊர் சமநிலம், பாறை ஏற வேறெங்காவதுதான் போக வேண்டும். ஆனால் வேலை கற்க வெகுதூரம் போக வேண்டாம். ஒரு பக்கம் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சிவிஆர்டிஇ ஆய்வகமும் ஆவடியில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் லாரிகள் ஓயாமல் வந்துபோகும் செங்குன்றம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத், வெல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. விஜயந்தாவும் டி-72 டாங்கியும் டார்ஷன் பாரில் ஓடுபவை. அர்ஜுனுக்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரம், ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன். டாங்கியானாலும் ஜீப்பானாலும் கேள்வி ஒன்றுதான்: மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் இருக்கிறதா? உங்கள் தொழிலுக்கும் அதுவே அடிப்படை.

தூக்குவது வேறு, ஏறுவது வேறு

பாறை ஏறுவது வேகத்தில் செய்யும் வேலை இல்லை. லோ ரேஞ்சில், நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு சக்கரமாகக் கல்லின் மேல் வைத்து எடுக்க வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகளைக் கவனியுங்கள். துருத்திய கற்களின் மேல் அவை அவசரமில்லாமல்தான் ஏறுகின்றன. அந்த ஏற்றத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள ஆக்ஸிலில் அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுழலும்; தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போகாது. ஆகவே ஒரு சக்கரம் மேலேறும்போது எதிர்ச் சக்கரம் எவ்வளவு கீழிறங்குகிறது என்பதே முதல் அளவு. இதை ஃப்ளெக்ஸ் என்பார்கள்.

பாடியைத் தூக்கினால் முன்பின் பம்பர் கோணங்களும் நடுவயிற்றுக் கோணமும் கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆக்ஸிலின் நடுவே தொங்கும் கிரவுன் ஹவுசிங்கோ ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் பாதிக் கணக்கில். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயருக்கு விட்டம் 668 மி.மீ. அதைக் கழற்றி 235/75 ஆர்15 போட்டால் 734 மி.மீ. விட்டம் 66 மி.மீ. கூடினாலும் ஹவுசிங் உயர்வது 33 மி.மீ.தான். கூடவே ஒரு பக்கவிளைவும் வரும்: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 66-ல் ஓடும், கியரின் இழுவையும் அதே விகிதத்தில் குறையும். வாடிக்கையாளர் டயரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பட்டறையின் மேல் நம்பிக்கை அங்கேயே பிறக்கும்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. டிராக் அகலம் 1,400 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று வையுங்கள். கணக்குப்படி வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் 45 டிகிரி. எடை மையம் 100 மி.மீ. மேலே போனால் அது 41 டிகிரியாகக் குறையும். ஸ்பிரிங் அமுங்குவதையும் டயர் நசுங்குவதையும் சேர்த்தால் நிஜத்தில் இன்னும் குறைவு. பக்கச் சரிவில் ஒரு கல்லின் மேல் நிற்கும் வண்டிக்கு இந்த நான்கு டிகிரி பெரிய விஷயம். தேவைக்கு மேல் தூக்காதவரே நல்ல மெக்கானிக்.

ஸ்பேனருக்கு முன் டேப்

இந்தத் தொழிலில் மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டப்போவது அளவெடுக்கும் பழக்கம். வண்டி உள்ளே வந்ததும் ஜாப் கார்டில் இவற்றை எழுதுங்கள்:

- நான்கு சக்கரத்திலும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரம்.
- ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளி.
- ஷாக்கின் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரை நீளம்: வண்டி நிற்கும்போது, முழுக்க அமுங்கும்போது, முழுக்கத் தொங்கும்போது.
- முன்சக்கரக் காஸ்டர், பின் ஆக்ஸிலின் பினியன் கோணம்.
- பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரீத்தர் குழாய் ஆகியவற்றில் மிச்சமிருக்கும் தளர்வு.

மூன்றாவது அளவு உட்கார்ந்த இடத்தில் கிடைக்காது. ஒரு ஜிப்ஸியின் பின்பக்கத்தில் அதை எப்படி எடுப்பது என்று பார்ப்போம். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஷாக் இரண்டையும் கழற்றுங்கள். ஆக்ஸிலை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு பட்டைக் கட்டைப் பிரித்து, இரு பக்கமும் மெயின் பட்டையை மட்டும் வைத்து மீண்டும் கட்டுங்கள். இப்போது ஆக்ஸில் லேசாக அசையும். சக்கரத்தை மாட்டி, ஒரு பக்கம் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை ஏற்றுங்கள். மறுபக்கத்தைத் தொங்க விடுங்கள். இரு பக்கமும் ஷாக்கின் கண்ணுக்குக் கண் டேப் பிடியுங்கள். டயர் எங்கே உரசுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பிரேக் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். முறுக்கேறியிருந்தால் நீளமான ஹோஸ் கட்டாயம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். கிராஸ் ஜாயின்ட் எங்காவது முட்டினால் அந்தக் கோணம் கூடாது. பிறகு பக்கம் மாற்றி மறுபடி செய்யுங்கள்.

அமுங்கும்போது 330, தொங்கும்போது 560 மி.மீ. வந்தது என்று வையுங்கள். மூடிய நீளம் 315-க்குள்ளும் விரிந்த நீளம் 575-க்கு மேலும் இருக்கிற ஷாக்கைத் தேடுங்கள். அமுங்கும்போது முதலில் முட்டவேண்டியது பம்ப் ஸ்டாப். ஷாக் முட்டினால் உள்ளே வால்வு உடையும், இல்லாவிட்டால் மவுன்ட் பிய்ந்துகொள்ளும். சரியான நீளம் கிடைக்காவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள், கீழ்நோக்கிய ஓட்டத்துக்கு லிமிட் ஸ்ட்ராப் கட்டுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் "2 இன்ச் கிட்" என்ற வாசகம் இந்த அளவுக்கு ஈடாகாது.

வேலையின் பலனைக் காட்ட ஒரு சாய்தளம் போதும். 20 டிகிரி சாய்வில் கனமான இரும்பு ரேம்ப் ஒன்று செய்யுங்கள். வண்டியின் ஒரு முன்சக்கரத்தை மட்டும் அதில் ஏற்றி, ஏதாவது ஒரு சக்கரம் தரையை விடத் தொடங்கும்போது நிறுத்துங்கள். சாய்தளத்தில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ. வேலைக்கு முன் 1,050 மி.மீ. ஏறியிருந்தால் 442; வேலைக்குப் பின் 1,330 ஏறினால் 560. உலகெங்கும் பாறை ஏறுபவர்கள் பேசும் அளவு இது. பாறை இல்லாத ஊரிலும் பாறை வேலையைச் சோதிக்க முடியும்.

பட்டை வண்டி

ஜிப்ஸிக்கும் பழைய ஜீப்புகளுக்கும் பட்டை ஸ்பிரிங். லாரிப் பட்டறைப் பழக்கத்தில் வந்தவர் செய்யும் முதல் காரியம் ஒரு பட்டையைச் சேர்ப்பது. சுமைக்கு அது சரி, பாறைக்கு எதிரி. பட்டையின் கடினம் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் அந்தப் பட்டை ஏறத்தாழ 2.4 மடங்கு விறைப்பாகிவிடும். வண்டி உயரமாக நிற்கும், ஆனால் சக்கரம் இறங்காது. பாறைக்கு வேண்டியது நீளமான, மெல்லிய பட்டைகள் பல. பட்டைகளுக்கு நடுவே துருவைச் சுரண்டி, முனைகளில் உராய்வைக் குறைக்கும் பேட் வைத்தாலே பழைய கட்டு உயிர்பெறும். செலவு குறைவான இந்த வேலையை முதலில் செய்து காட்டுங்கள்.

ஷேக்கிளை நீட்டுவது அடுத்த வழி. 50 மி.மீ. நீட்டினால் வண்டி உயர்வது 25 மி.மீ.தான், கூடவே ஆக்ஸிலும் சற்றுத் திரும்பும். ஜிப்ஸி, ஜீப் எதுவானாலும் வேலைக்குப் பின் காஸ்டரை மறுபடி அளக்காமல் அனுப்பாதீர்கள். காஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும்.

ஆக்ஸிலைப் பட்டைக்குக் கீழே மாற்றும் ஸ்பிரிங்-ஓவர் வேலை பெரிய உயரம் தரும். அதற்குப் புதிய பெர்ச் வெல்டிங், பினியன் கோணம், ஸ்டீயரிங் லிங்க் கோணம், பட்டை முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும் கம்பி என்று வேலை நீளும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்காமல் இதைத் தொடாதீர்கள்.

காயில் வண்டி

ஜிம்னிக்கு முன்பின் இரண்டிலும் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். 2020-ல் வந்த தாருக்கும் 2021-ல் வந்த குர்காவுக்கும் முன்னால் இன்டிபென்டன்ட் டபுள் விஷ்போன், பின்னால் காயிலில் நிற்கும் ரிஜிட் ஆக்ஸில். இரண்டு வகைக்கும் ஒரே மருந்து எடுபடாது.

ரிஜிட் ஆக்ஸிலில் ஒரு சக்கரத்தை மேலே தள்ளும்போது அதே ஆக்ஸில் மறு சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. பாறைக்கு அது பெரிய பலம். வண்டியைத் தூக்கினால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட் சாய்ந்து அதை ஒரு பக்கமாக நகர்த்தும். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்பக்கத்தில் பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் இணையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

இன்டிபென்டன்ட் முன்பக்கத்தை அதிகம் தூக்கினால் சிவி ஜாயின்ட்டும் பால் ஜாயின்ட்டும் எல்லைக் கோணத்தில் நிரந்தரமாக நிற்கும். பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறுவது முதல் அடையாளம். ஸ்பேசர் மட்டும் வைத்துத் தூக்கினால் வண்டி உயரும், மொத்த ஓட்டம் கூடாது. மேலே கிடைத்த இடம் கீழே போய்விடும். ஸ்பிரிங் மாற்றும்போது கம்பி கனத்தைப் பாருங்கள். காயிலின் கடினம் கனத்தின் நான்காம் மடியில் ஏறும். 12 மி.மீ. கம்பி 13 ஆனால், மற்ற அளவுகள் மாறாதபோது, 38 சதவீதம் விறைப்பு கூடும். வின்ச், இரும்பு பம்பர், கூரைச் சுமை இருக்கும் வண்டிக்கு அது தேவைப்படலாம். வெறும் வண்டிக்குத் தேவையில்லை. ஸ்வே பார் பாறையில் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கழற்றி மாட்டும் லிங்க் போட்டால், சாலைக்கு வந்ததும் மாட்டிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

மறுக்க வேண்டிய வேலைகள்

சில வேலைகளை வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் செய்யாதீர்கள். காயிலை வெட்டுவது, கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது, பட்டையில் வெல்டிங் வைப்பது, ஸ்டீயரிங் ராடை வெட்டி ஒட்டுவது, முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் சொருகுவது ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். ஸ்பிரிங் ஸ்டீலுக்கு அதன் குணத்தைத் தருவதே ஹீட் ட்ரீட்மென்ட். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் குணம் போய்விடும், பிறகு அங்கேயே முறியும். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இழுத்து முறுக்கியதும் அது நீண்டிருக்கும். புது யூ போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கூப்பிட்டு மறுபடி முறுக்குங்கள். அந்த மறுவருகையை முதல் நாளே பில்லில் சேருங்கள்.

உங்கள் உயிரும் இதே பட்டறையில்தான் இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அமுங்கிய காயில் உயிர் பறிக்கும். நல்ல கம்ப்ரெஸரில் இரு பக்கமும் சமமாக இறுக்குங்கள், அதற்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பட்டைக் கட்டை சி கிளாம்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தெரியாமல் தொழில் இல்லை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு தெளிவானது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் புரட்டுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். சாலையில் ஓடும் வண்டிக்குத் தேய்ந்த புஷ், ஷாக், பட்டை ஆகியவற்றை உரிய தரத்துக்கு மீட்பதும் தயாரிப்பாளர் அனுமதித்த பாகங்களைப் போடுவதும் போதும். அதுவே பாறையில் பாதி வெற்றியைத் தந்துவிடும். பெரிய மாற்றம் கேட்பவர் போட்டிக்கான வண்டியாக வைத்து, டிரெய்லரில் ஏற்றிப் போகட்டும். நாட்டின் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. போட்டி விதிகளை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற 4×4 போட்டியின் இந்தியப் பதிப்பு 2014-ல் கோவாவில் தொடங்கியது. அதற்குத் தயாராகும் அணிகளுக்கு மெக்கானிக்குகள் தேவை. வனத்துறை நிலத்தில் அனுமதியின்றி வண்டி ஏற்றுவது குற்றம் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள்.

எங்கே கற்பது

முதல் படி ஐ.டி.ஐ. மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் இரண்டாண்டுப் படிப்பு, வெல்டர் ஓராண்டு. வெள்ளானூரிலிருந்து எட்டும் தூரத்தில் அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எந்தப் பிரிவில் இடம் என்பதைச் சேர்க்கையின்போது கேளுங்கள். மெக்கானிக் வேலை, வெல்டிங் இரண்டும் தெரிந்த கைக்கு இந்தத் தொழிலில் தனி மதிப்பு.

இரண்டாவது படி அப்ரென்டிஸ். தொழிற்பழகுநர் சட்டம் 1961-ன் கீழ் உதவித்தொகையோடு கற்கலாம். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கான தென்மண்டல வாரிய அலுவலகம் தரமணியில் இயங்குகிறது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை இப்போது ஏவிஎன்எல் நிறுவனத்தின் கீழ் வருகிறது. அங்கே அப்ரென்டிஸ் அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, பொறியியல் மாணவர்களுக்கு பாஹா எஸ்ஏஇ இந்தியா. 2007 முதல் நடக்கும் இந்தப் போட்டியில் மாணவர்களே ஒற்றை இருக்கை வண்டியை வடிவமைத்து, கட்டி, மண்ணில் ஓட்டிக் காட்ட வேண்டும். சஸ்பென்ஷன் பிரிவில் இடம் கேட்டு வாங்குங்கள். செங்கல்பட்டு அருகே மகிந்திரா ரிசர்ச் வேலி, ஒரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையமான ஜிஏஆர்சி போன்ற இடங்களில் வேலை தேடும்போது, நீங்கள் கட்டி உடைத்துத் திருத்திய விஷ்போனைப் பற்றிப் பேச முடிந்தால் அது மதிப்பெண்ணைவிட உதவும்.

நான்காவது, எளிதாகத் தோன்றினாலும் விலைமதிப்பில்லாதது: லாரிப் பட்டை கட்டும் பட்டறையில் சில மாதம். சம்மட்டியால் வளைவு ஏற்றுவது, கண்ணில் புஷ் இறக்குவது, முறிந்த பட்டையின் வாயைப் பார்த்தே காரணம் சொல்வது எல்லாம் வகுப்பில் வராது. அங்கே இருக்கும் மூத்த மேஸ்திரியிடம் மரியாதையோடு கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கும் பேச்சும்

வேலை எடுக்குமுன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் சாலை, எத்தனை நாள் கல்? குடும்பம் வண்டியில் வருமா? என்ன சுமை? எந்த டயர்? பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில்லில் பாகம், கூலி, லேத் வேலை, அலைன்மென்ட், 500 கிலோமீட்டர் மறுபரிசோதனை என்று தனித்தனி வரி இருக்கட்டும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பேரம் கூலியில்தான் விழும். பிரித்துக் காட்டினால் உங்கள் நேரத்துக்கு மதிப்பு வரும். வேலை முடிந்ததும் முன்பின் அளவுகளை ஒரே தாளில் தாருங்கள்.

கடை போடப் பெரிய முதல் கையில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். நல்ல ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், டிஜிட்டல் கோணமானி, டேப், ஒரு நோட்டு இவற்றோடு தொடங்கலாம். இந்த மாதமே ரேம்ப் ஒன்றைச் செய்து, தெரிந்தவர்களின் ஜிப்ஸி, தார், ஜிம்னி மூன்றையும் ஏற்றி அளந்து, அளவுகளை நோட்டில் பதியுங்கள். எந்த வண்டி எங்கே முட்டுகிறது, எந்த ஹோஸ் முதலில் இழுபடுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்தவர் வந்து "நாலு இன்ச்" என்று கேட்கும்போது அந்த நோட்டைத் திறந்து பேசுங்கள். விலையும் நம்பிக்கையும் அந்தப் பேச்சிலேயே முடிவாகும்.